ஆடியில் போட்ட கோசு

கோசு விதை எங்கள் வீட்டுக்கு வந்தது யுத்த காலத்தில். நான் அப்போது பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். குடியிருந்தது மதுரைத் தெற்குவாசல் பக்கம், நாலைந்து குடித்தனம் இருந்த ஒரு வளவில். தினமும் சைக்கிளில் போய்வருவேன். அரிசிக்கு ரேஷன் வந்துவிட்டது. காலி இடம் கண்ட இடமெல்லாம் காய்கறி போடுங்கள் என்று சர்க்கார் தமுக்கு அடிக்காத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. என்னோடு வேலை பார்த்த வாத்தியார் ஒருவர் கொடைக்கானல்காரர். கோடை லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபோது முட்டைக்கோசு விதையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பார்க்கக் கடுகு மாதிரி இருந்தது. "வீட்டம்மா தாளிச்சிறப் போறாங்க, பார்த்துக்கங்க" என்று கேலி வேறு செய்தார்.

நான் அதை வாங்கியது சர்க்காருக்காக அல்ல. என் மனைவிக்காக.

எங்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து இரண்டும் தவறிவிட்டன. மூத்தவன் தவழும் வயதில் காய்ச்சலில் போனான். அடுத்தது பெண், பேர் வைப்பதற்கு முன்னாலேயே போய்விட்டது. அந்தத் துக்கத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பட்டவர்களுக்குத் தெரியும், படாதவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அவள் பிறந்தது திருவாதவூர்ப் பக்கம் ஒரு சம்சாரி வீடு, உழுது பிழைக்கிற குடும்பம். அங்கே நாற்றங்காலில் முதல் கை விதையைப் பெண்பிள்ளைதான் போடவேண்டும். கன்னிப் பெண்ணாக இருக்கலாம். கல்யாணம் ஆனவள் என்றால் பிள்ளையைப் பறிகொடுக்காத கையாக இருக்கவேண்டும். சிறுமியாக இருந்த காலத்திலிருந்து அந்த வீட்டில் அது என் மனைவியின் வேலை. நல்ல கைராசி என்று பேர் எடுத்தவள். அடுத்த காட்டுக்காரர்கள்கூட வந்து கூட்டிக்கொண்டு போவார்களாம். கல்யாணத்துக்குப் பிறகும் விதைப்புச் சமயத்தில் என்னை இழுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவாள். மூத்தவன் தவறியபோதுகூட, ஒன்றுதானே என்று விட்டுவிட்டார்கள். பெண் குழந்தை தவறிய வருஷமும் போனோம். வழக்கம்போல விதைப்பெட்டியை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு வரப்பில் இறங்கினாள். அவளுடைய மதினி பின்னாலேயே ஓடிவந்து பெட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"நீ நிழல்ல உக்காரு தாயி. வெயிலு எம்புட்டு அடிக்குது பாரு."

அவ்வளவுதான். ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. என் மச்சான் மண்வெட்டியை வைத்துக்கொண்டு வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வைதிருந்தால் நான் பதிலுக்கு வைதிருப்பேன். எனக்கு வாய் உண்டு. அன்பாகப் பேசுகிறவளிடம் எப்படிச் சண்டைக்குப் போவது? என் மனைவி நிழலில் போய் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

மதுரைக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கை வெளியே வரவில்லை. பாலுக்கு உறை ஊற்றமாட்டேன் என்றாள். ஊறுகாய் போடமாட்டேன் என்றாள். வளவில் யார் வீட்டுக் கைக்குழந்தையாவது அவளைப் பார்த்துச் சிரித்தால் விறுவிறு என்று உள்ளே வந்துவிடுவாள். சமைப்பாள், எனக்குப் போடுவாள். தான் சாப்பிட்டாளா என்று நான் கேட்டால் சாப்பிட்டேன் என்பாள். பானையைப் பார்த்தால் அது பொய் என்று தெரியும். ஆள் துரும்பாகிக்கொண்டு வந்தாள். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்தப் பயத்தில் இருந்தவன் கையில்தான் அந்தப் பொட்டலம் கிடைத்தது. நெல்லுக்குச் சாமி உண்டு, கேழ்வரகுக்குச் சாமி உண்டு, பூசணிக்கொடிக்குக்கூட யார் விரலை நீட்டலாம், யார் நீட்டக்கூடாது என்று சட்டம் உண்டு. கோசுக்கு என்ன உண்டு? அது கப்பலில் வந்த காய். அதை யார் போட்டால் வரும், யார் போட்டால் வராது என்று திருவாதவூரில் ஒருவருக்கும் தெரியாது. அவள் கையால் போட்டு ஒரே ஒரு கோசு விளைந்துவிட்டால் போதும், அதைக் கொண்டுபோய் அவள் கண் முன்னால் வைத்து, "இதோ பார் உன் கை" என்று சொல்லிவிடலாம். கணக்கு வாத்தியாருக்கு எல்லாமே நிரூபணம்தான்.

"நீயே போடு" என்றேன்.

"நான் போட்டா வெளங்காதுங்க."

"வெளங்கும்."

"வெளங்கலைன்னா?"

"வெளங்கும்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன். என் பதில்கள் எல்லாம் அந்தக் காலத்தில் அப்படித்தான் இருக்கும், முன்னதைவிடச் சத்தமாக.

கடைசியில் சரி என்றாள். ஆனால் சம்சாரி வீட்டுப் பெண் அல்லவா, எடுத்தவுடனே போட மறுத்துவிட்டாள். விதை வந்தது ஆனியில். "விதைன்னா ஆடிப்பட்டந்தாங்க. ஆடி பொறக்கட்டும்" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பழக எழுதிப் போட்டவன் நான். அந்த ஆடி எந்த விதைக்குச் சொன்னது என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் யோசனை போகவில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வளர்க்க வேண்டிய பயிரை மதுரை ஆடிக்காற்றில், புழுதி பறக்கப் பறக்க, நல்ல நாள் பார்த்துப் போட்டோம்.

வளவுக்குப் பின்னால் பொதுக்கிணறு. அதை ஒட்டிக் கொஞ்சம் இடம். அங்கே பாத்தி கட்டினேன். அவள் விதையைத் தூவி மண்ணை மூடினாள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சிற்றெறும்பு சாரை சாரையாக ஆளுக்கொரு விதையைத் தூக்கிக்கொண்டு போகிறது. எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. காரணம் கண்ணுக்குத் தெரிகிறதே! அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாரு, எறும்பு. உன் கைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் கிணற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். "அக்கா போட்ட கீரைய எறும்பு தொடலையேங்க" என்றாள்.

அக்கா என்றது பக்கத்து வீட்டம்மாவை. சௌராஷ்டிரக் குடும்பம். புருஷன் நூலுக்குச் சாயம் போடுகிறவர். வீடு நிறையப் பிள்ளைகள். எத்தனை என்று நான் எண்ணியதில்லை, நின்றால்தானே எண்ணுவதற்கு. ஒன்றுக்காவது ஒரு தலைவலி வந்து நான் பார்த்ததில்லை. அந்தம்மா கிணற்றடியில் தண்டுக்கீரை விதையை அள்ளி வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். அது மார்பளவு வளர்ந்து நிற்கும். நல்ல மனுஷி. அவள் கீரையைக் கண்டால் மட்டும் எனக்கு எரியும்.

மிச்சமிருந்த விதையில் பாதியை ஒரு மண்சட்டியில் போடச் சொன்னேன். சட்டியைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்தேன். எறும்பு வரவில்லை. விதை முளைத்தது. நாலைந்து மாதத்தில் முதல் தடவையாக என் மனைவி வேலை இல்லாமல் கொல்லையில் நின்றதை அப்போதுதான் பார்த்தேன். போகும்போது ஒரு கை தண்ணீர், வரும்போது ஒரு கை தண்ணீர் தெளிப்பாள். சட்டி இருந்தது வேப்பமர நிழலில். நாற்று வெளிச்சத்தைத் தேடி நூல் மாதிரி நீண்டது. ஒருநாள் காலையில் கழுத்து அழுகி மொத்தமும் படுத்துவிட்டது. நிழல் அதிகம், ஈரம் அதிகம். கண்டுபிடித்ததை உடனே சொன்னேன்.

"நீ தண்ணி அதிகமா ஊத்திட்ட, அதான்."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் என்ன சொல்கிறோம் என்று உறைத்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் கையை வெகுநேரம் கழுவினாள்.

மூன்றாம் தடவை நல்ல வெளிச்சத்தில் வைத்து, தண்ணீரை நான் அளந்து ஊற்றினேன். நாற்று குட்டையாக, திடமாக வந்தது. ஆவணிக் கடைசியில் பாத்தியில் அவள் கையால் நட வைத்தேன். சாக்கடைப் பக்கத்து வரிசை ஒரு வாரத்துக்குள் மஞ்சளாகிக் கருகியது. என்னவென்று பார்த்தால் பக்கத்து வீட்டில் சாயம் அலசிய சோடாக்காரத் தண்ணீர் பாத்திக்குள் கசிகிறது. நான் போய்ச் சண்டை போட்டேன்.

"வாத்தியாரய்யா, சாயத்தண்ணி வாய்க்கால்ல ஓடாம வேற எங்கிட்டு ஓடும்? நாங்க குடிச்சுத் தீர்க்கவா முடியும்?" என்றாள் அந்தம்மா. ஆனாலும் அன்று சாயங்காலமே புருஷனைக் கொண்டு குறுக்கே கல் வைத்துத் திருப்பிவிட்டாள். தப்பிய செடிகள் பகல் வெயிலில் காது தொங்கிய ஆடு மாதிரி நின்றன. தென்னங்கீற்று வெட்டி நிழல் கட்டினேன். பச்சைப்புழு வந்து இலையைச் சல்லடை ஆக்கியது, சாம்பல் தூவினேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடித்தேன், ஒவ்வொன்றுக்கும் மாற்று செய்தேன். ஐப்பசி அடைமழை வந்தது. நான் பாத்தி கட்டியிருந்தது நெல்வயலுக்குக் கட்டுகிற மாதிரி, நாலு பக்கமும் வரப்பு எடுத்து, நடுவில் பள்ளமாக. எங்கள் ஊரில் தண்ணீரை நிறுத்தத்தானே பாத்தி! தண்ணீர் நின்றது. மழை விட்டபோது இலைகள் தொட்டால் கையோடு வந்தன.

தீபாவளிச் சீர் கொண்டுவந்த என் மச்சான் அந்தச் சேற்றைப் பார்த்துவிட்டு, "இந்த மண்ணுல இதெல்லாம் வருமா மாப்ள, விட்டுத்தள்ளுங்க" என்றார். மண்ணைத்தான் சொன்னார். ஆனால் அவர் கண் தங்கச்சி பக்கம் போய்விட்டு வந்தது. அதை அவளும் பார்த்தாள்.

அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "மூணு தடவை போட்டாச்சு. அம்புட்டும் போச்சு. இனி என்னையப் போடச் சொல்லாதீங்க. முளைக்கிறதக் கொல்லுறதுக்குன்னே ஒரு கை இருந்தா, அத ஏன் திரும்பத் திரும்ப மண்ணுல வைக்கச் சொல்றீங்க?"

எனக்கு அடித்துப் போட்டதுபோல ஆகிவிட்டது. அவளை எடுத்து நிறுத்தப் போய், அவளுக்கு விரோதமாக மூன்று சாட்சி தேடிக் கொடுத்திருக்கிறேன்.

மார்கழியில் ஒரு காலை, சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். பசுமலைக் குன்று தெரியாத அளவுக்குப் பனி. காதை மூடித் துண்டு கட்டியிருந்தேன். கொடைக்கானல் வாத்தியார் அரைக்கைச் சட்டையோடு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதுக்குப் போயா? எங்க ஊர்ல சித்திரை மாசமே இப்படித்தான் இருக்கும்" என்றார். அங்கேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர்கள் ஊரின் கோடைதான் எங்கள் ஊரின் மார்கழி. கோசு உருண்டு மூடுவதற்கு அந்தக் குளிர் வேண்டும். மார்கழியிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு போனால் விதைக்க வேண்டியது புரட்டாசியில். நாங்கள் ஆடியில் போட்டு, ஆவணி வெயிலில் நட்டு, ஐப்பசியில் மூழ்கடித்திருக்கிறோம். இரண்டாம் வகுப்புக் கழித்தல் கணக்கு.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "தப்பு உன் கையில இல்லை, ஆடியில!" என்று கத்தினேன். விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிங்க" என்றாள்.

அடுத்த கோடையில் வாத்தியாரிடம் புது விதை வாங்கிவரச் சொன்னேன். ஆடி வந்தது, போனது. நான் அசையவில்லை. புரட்டாசியில் சட்டியில் செம்மண்ணும் மணலும் மக்கின சாணமும் கலந்து நிரப்பினேன். காலை வெயில் மட்டும் படுகிற இடம் பார்த்துத் தாம்பாளத் தண்ணீரில் வைத்தேன். பள்ளப்பாத்தியை அடித்து நிரவி மேட்டுப்பாத்தி போட்டேன். சாக்கடையை இன்னும் தள்ளித் திருப்பினேன். மழைக்கு மேலே கீற்றுப் பந்தல். எல்லாம் நான் செய்தேன். விதை போடுவதும் நாற்று நடுவதும் மட்டும் அவள் கையால்தான் நடக்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். இல்லாவிட்டால் இத்தனையும் எதற்கு?

முதலில் மாட்டேன் என்று அழுதாள். இரண்டு நாள் நான் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் நான் சைக்கிளை எடுக்கும்போது, "பொட்டலத்த வச்சிட்டுப் போங்க. நீங்க நின்னு பாத்தா எனக்குக் கை நடுங்கும்" என்றாள். வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சட்டியில் மண் மட்டமாக மூடி, தண்ணீர் தெளித்திருந்தது. நாற்று நட்டதும் அப்படித்தான், நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில்.

செடி வளர்ந்தது. மழை மேட்டில் பட்டு வழிந்து ஓடியது. கார்த்திகையில் இலைகள் அகலமாகி நீலம் பூத்தன. என் மனைவி காலையும் மாலையும் குடத்தில் தண்ணீர் மொண்டு வேரில் ஊற்றினாள். இலையில் படாமல் ஊற்றுவாள்; அதை அவளுடைய நறுவிசு, வேலைச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து புழு பொறுக்கும். ஒருதடவை ஒரு பொடிசு புழுவைக் கொண்டுவந்து என் மனைவியிடம் நீட்ட, அவள் சிரித்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றைக்கு வகுப்பில் ஒரு பயலையும் அடிக்கவில்லை.

மார்கழி பிறந்ததும் நடு இலைகள் உள்பக்கமாக மடங்கத் தொடங்கின. தினமும் எழுந்ததும் போய்க் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். மெத்தென்று இருந்தது நாளாக ஆக இறுகியது. மாதக் கடைசியில் ஒன்று தேங்காய் அளவு உருண்டு, கல்லாக நின்றது. கொடைக்கானல்காரர் பார்த்தால் இது கோசா, கோசின் குஞ்சா என்று கேட்பார். எனக்கு அது போதும். அவளைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து இழுத்து, அதன் மேல் வைக்கப் போனேன்.

"தொட்டுப் பாரு. யாரு கை இது? இப்பச் சொல்லு, யாரு கை?"

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அக்கா கைங்க."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். முகத்தில் பயமில்லை, வெட்கமுமில்லை. "நீங்க பள்ளிக்கூடம் போனதும் அக்காவக் கூப்பிட்டேன். விதை போட்டது அவங்க. நாத்த எடுத்து வச்சதும் அவங்க. நான் தண்ணி மட்டுந்தான் ஊத்தினேன். இலையக்கூடத் தொடலைங்க. நீங்க இம்புட்டுப் பாடு பட்டு, அதுவும் செத்துப் போச்சுன்னா நீங்க தாங்கமாட்டீங்கன்னுதான்."

என்னைக் காப்பாற்றச் செய்திருக்கிறாள்.

"தண்ணி ஊத்தினது நீதானே? அது கை இல்லையா?"

"தண்ணி யாரு ஊத்தினாலும் தண்ணிதாங்க."

"பருவம்டீ! போன வருஷம் ஆடியில போட்டோம், இந்த வருஷம் புரட்டாசியில போட்டிருக்கு. நீ போட்டிருந்தாலும் வந்திருக்கும், எமன் போட்டிருந்தாலும் வந்திருக்கும்!" வளவு முழுவதும் கேட்டிருக்கும்.

அவள் உருவிய கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "பருவந்தான்னு சொல்றீங்க, சரி. நான் பெத்தது ரெண்டும் எந்தப் பருவம் தப்பிப் போச்சுங்க?"

குத்துவதற்காகக் கேட்கவில்லை. செத்த ஒவ்வொரு நாற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துச் சொன்ன புருஷன் இதற்கும் ஒன்று வைத்திருப்பான் என்று நினைத்துத்தான் கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். எனக்கு ஆத்திரம் மட்டும் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. குனிந்து அந்தக் கோசை அடியோடு பிடித்துப் பிடுங்கப் போனேன்.

அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "பிடுங்காதீங்க. பிள்ளைக்காரி வச்சது" என்றாள்.

விட்டுவிட்டேன். உள்ளே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன். மற்றதும் இறுகிய பிறகு அவள் நல்லதாக இரண்டு கோசை அக்காவை விட்டே அறுக்கச் சொல்லி, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, எங்களுக்கு ஒன்றைப் பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

அதற்கு அடுத்த வருஷமும் விதை வந்தது. கொடைக்கானல் வாத்தியார் நான் கேட்காமலே கொண்டுவந்து கொடுத்தார். புரட்டாசியில் சட்டியில் மண் நிரப்பினேன், தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினேன். பிறகு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நானே பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, "நீங்களே வந்து போட்டுருங்கம்மா" என்றேன். என் மனைவி அப்போது மூன்று மாதமாக முழுகாமல் இருந்தாள். எனக்கும் பயமாக இருந்தது.